தீப்பிடித்த நதியும் தேரூர்க் குளமும்

1972-ஆம் ஆண்டு ஜூன் மாதம் ஸ்டாக்ஹோம் நகரத்தில் உலக நாடுகள் கூடின. மனிதர் வாழும் சூழலைப் பற்றிப் பேசுவதற்கென்றே ஐக்கிய நாடுகள் சபை கூட்டிய முதல் பெரிய மாநாடு அது. 113 நாடுகள் ஆளனுப்பியிருந்தன. ஆனால் பிரதமர்களில் நேரில் வந்தவர்கள் இருவர்தான். ஒருவர், அழைத்த வீட்டுக்காரரான சுவீடனின் ஓலோஃப் பால்மே. மற்றவர் இந்திரா காந்தி. ஏழையின் பசியை மறந்துவிட்டுக் காட்டையும் நதியையும் காப்பதாகப் பேசுவது வீண் என்று ஜூன் 14 அன்று அவர் அந்த மேடையில் வாதாடினார். அந்தப் பேச்சு இன்றுவரை மேற்கோள் காட்டப்படுகிறது. மாநாட்டின் பிரகடனத்தில் 19-ஆவது கொள்கையாக இருந்த ஒரு வரியோ அந்தப் பேச்சின் நிழலில் மறைந்துபோனது. சிறியவர்களுக்கும் பெரியவர்களுக்கும் சூழலைப் பற்றிய கல்வி வேண்டும் என்றது அந்த வரி. எந்த வகுப்பில், எந்தப் புத்தகத்தை வைத்து, எந்த ஆசிரியர் நடத்துவது என்று அது சொல்லவில்லை.

அதே ஆண்டு, ஸ்டாக்ஹோமோடு எந்தத் தொடர்பும் இல்லாமல், மத்தியப் பிரதேசத்தின் ஹோஷங்காபாத் மாவட்டத்தில் 16 கிராமத்துப் பள்ளிகளில் ஒரு சோதனை தொடங்கியது. கிஷோர் பாரதி, ஃபிரண்ட்ஸ் ரூரல் சென்டர் என்ற இரண்டு அமைப்புகள் மாநில அரசிடம் அனுமதி வாங்கி அதை நடத்தின. மனப்பாட அறிவியலை ஓரங்கட்டிவிட்டு, ஆறாம் வகுப்பு முதல் எட்டாம் வகுப்பு வரையிலான பிள்ளைகளை வயலுக்கும் ஓடைக்கும் அழைத்துப்போனார்கள். இலையையும் மண்ணையும் பூச்சியையும் பிள்ளைகளே கையில் எடுத்துப் பார்த்து, அளந்து, எழுதினார்கள். தேர்வறைக்குள் புத்தகத்தைக் கொண்டுபோகலாம். ஏனென்றால் கேள்விக்கான விடை புத்தகத்தில் இருக்காது! 1978-இல் திட்டம் மாவட்டம் முழுவதும் பரவியது. கிராமத்துப் பிள்ளைக்கு அவன் ஊரே பாடமாகலாம் என்பதை அந்தப் பள்ளிகள் காட்டின. மற்ற மாவட்டங்களின் பிள்ளைகள் என்ன செய்வது?

டெல்லியில் அதற்கு ஒரு பதில் 1975-இல் தயாரானது. தேசியக் கல்வி ஆராய்ச்சி மற்றும் பயிற்சிக் குழு பத்தாண்டுப் பள்ளிப் படிப்புக்கு ஒரு பாடத்திட்டம் வகுத்தது. தொடக்க வகுப்புகளில் அறிவியல் தனி, வரலாறு தனி, புவியியல் தனி என்று பிரிக்க வேண்டாம். பிள்ளையைச் சுற்றியுள்ள உலகத்தையே ஒரு பாடமாக வைக்கலாம் என்றது அது. இரண்டு ஆண்டுகள் கழித்து, 1977 அக்டோபரில், ஜார்ஜியாவின் திபிலிசி நகரத்தில் உலக நாடுகள் சூழல் கல்விக்கென்றே மாநாடு நடத்தி 41 பரிந்துரைகளை அடுக்கின. பாடத்துக்குப் பெயர் கிடைத்துவிட்டது, பரிந்துரைகளும் கிடைத்துவிட்டன. நடத்தியே தீர வேண்டும் என்று எந்தப் பள்ளியையும் கேட்கச் சட்டத்தில் மட்டும் இடமில்லை.

அந்த இடத்துக்கான விதை, திபிலிசிக்கு ஓராண்டு முன்பே, யாரும் எதிர்பாராத வழியில், நாட்டின் இருண்ட காலமொன்றில் விழுந்திருந்தது. நெருக்கடி நிலை நடப்பில் இருந்தது. எதிர்க்கட்சித் தலைவர்கள் சிறையில் இருந்தார்கள். அந்த நேரத்தில்தான் 1976-இல் நாடாளுமன்றம் 42-ஆவது அரசியல் சட்டத் திருத்தத்தை நிறைவேற்றியது. குடிமக்களின் உரிமைகள் முடங்கிக் கிடந்தபோது குடிமக்களுக்குக் கடமைகள் எழுதப்பட்டன. அவற்றில் ஒன்று 51ஏ பிரிவின் ஏழாவது உட்பிரிவு. காடு, ஏரி, நதி, காட்டுயிர் உள்ளிட்ட இயற்கைச் சூழலைக் காத்து மேம்படுத்துவது ஒவ்வொரு குடிமகனின் கடமை என்றது அது. மீறினால் தண்டனை உண்டா? இல்லை. கேட்க ஆள் உண்டா? அதுவும் இல்லை. அலங்காரத்துக்கு வைத்த வாக்கியமாகவே அது பத்தாண்டுக் காலம் கிடந்தது. அதை எடுத்து வேலைவாங்க ஒரு தீக்குச்சி தேவைப்பட்டது.

1980-களின் நடுவில் ஹரித்வார் அருகே கங்கை தீப்பிடித்தது. யாரோ பற்றவைத்துத் தூக்கியெறிந்த நெருப்பு தண்ணீரில் விழுந்து அணைய வேண்டியது. ஆலைக் கழிவு படலமாக மிதந்த நீர்ப்பரப்பில் அது பரவியது. முப்பது மணி நேரம் நதி எரிந்தது என்று பதிவுகள் சொல்கின்றன. கோடிக்கணக்கானோர் பாவம் போக்க முழுகும் நதி. அதன் தண்ணீரே எரிபொருளாகிவிட்டிருந்தது. டெல்லியில் எம்.சி. மேத்தா என்ற வழக்கறிஞருக்கு இது பொறுக்கவில்லை.

ஜம்முவின் ரஜௌரி பகுதியிலிருந்து வந்தவர் மேத்தா. தாஜ்மகாலின் பளிங்கு ஆலைப்புகையால் மஞ்சளாவதற்கு எதிராக 1984-இல்தான் வழக்குத் தொடுத்திருந்தார். 1985-இல் கங்கைக்காக இன்னொரு மனுவை உச்ச நீதிமன்றத்தில் போட்டார். கான்பூரின் தோல் பதனிடும் ஆலைகளும் கரையோர நகராட்சிகளும் அந்த வழக்கில் சிக்கின. பின்னாட்களில் மேத்தாவின் வழக்குகளுக்காகவே வெள்ளிக்கிழமைதோறும் ஒரு நீதிமன்ற அறையை ஒதுக்கிவைக்கும் அளவுக்கு அவை பெருகின. 1987 செப்டம்பரில், கழிவைச் சுத்திகரிக்க வழிசெய்யாத தோல் ஆலைகளை மூடச் சொல்லித் தீர்ப்பு வந்தது. அடுத்தது நகராட்சிகளின் முறை.

நகராட்சி வழக்கு நடந்துகொண்டிருந்த அதே மாதங்களில் கன்னியாகுமரியிலிருந்து ஒரு கூட்டம் வடக்கு நோக்கி நடந்துகொண்டிருந்தது. 1987 நவம்பர் 1 அன்று தொடங்கிய மேற்குத் தொடர்ச்சி மலை பாதுகாப்பு நடைபயணம் அது. ஓர் அணி மகாராஷ்டிரத்தின் நவாபூரிலிருந்து தெற்கே வந்தது. மற்ற அணி முக்கடல் கூடும் முனையிலிருந்து வடக்கே போனது. மலையில் மரம் போனால் ஆற்றில் தண்ணீர் போகும் என்பதை வழியெல்லாம் ஊர்மக்களோடு பேசிக்கொண்டே நடந்தார்கள். 1988 பிப்ரவரியில் கோவாவில் இரண்டு அணிகளும் சந்தித்தன. அவர்கள் இன்னும் பாதையில் நடந்துகொண்டிருந்த ஜனவரி 12 அன்று, டெல்லியில் கங்கை வழக்கின் தீர்ப்பு வாசிக்கப்பட்டது.

தீர்ப்பை எழுதியவர் நீதிபதி இ.எஸ். வெங்கடராமய்யா. சாக்கடை, கழிவுநீர்க் குழாய், மாட்டுத் தொழுவம், பொதுக் கழிப்பறை, கங்கையில் எறியப்படும் பிணங்கள் என்று கான்பூர் நகராட்சி செய்ய வேண்டியதையெல்லாம் அது வரிசையாகச் சொல்லிக்கொண்டே போனது. இந்த வழக்கில் பள்ளிக்கூடம் எதுவும் கட்சிக்காரர் இல்லை. ஆனாலும் தீர்ப்பு சட்டென்று வகுப்பறைக்குள் நுழைந்தது. அந்த 51ஏ பிரிவை எடுத்துக்காட்டி, நாட்டின் எல்லாப் பள்ளிகளிலும் முதல் பத்து வகுப்புகளில் வாரத்துக்கு ஒரு மணி நேரமாவது காடு, ஏரி, நதி, காட்டுயிர் பற்றிய பாடம் நடத்தச் செய்வது மத்திய அரசின் கடமை என்றது. அதற்கான புத்தகங்களை அரசே எழுதவைத்து இலவசமாகக் கொடுக்க வேண்டும் என்றும் சொன்னது. சாக்கடை வழக்கில் ஒரு பாடப்புத்தகம் கருக்கொண்டது. இந்தத் திருப்பம்தான் எனக்கு இந்தக் கதையிலேயே மிகவும் பிடித்தது. நதியை அழுக்காக்கியவர்களை மட்டும் பிடித்தால் போதாது, நாளைக்கு நதிக்கரையில் வளரப்போகிறவர்களைப் பிடிக்க வேண்டும் என்று அந்த நீதிபதி நினைத்திருக்கிறார். ஆனால் தீர்ப்பில் கருக்கொண்டதெல்லாம் பிறந்துவிடுவதில்லை.

ஓராண்டு கடந்தது. 1989 மே 1 அன்று கன்னியாகுமரிக் கரையில் இன்னொரு பயணம் வந்து முடிந்தது. தேசிய மீனவர் பேரவை நடத்திய கடலோர நடைபயணம் அது. வங்கக் கரையிலிருந்து ஓர் அணி, மராட்டியக் கரையிலிருந்து ஓர் அணி. நீரைக் காப்போம், வாழ்வைக் காப்போம் என்பது முழக்கம். இழுவைப் படகுகள் மீன்வளத்தை வழித்தெடுப்பதும் ஆலைக் கழிவு கடலைக் கெடுப்பதும் அவர்களுக்கு அன்றாடக் கஞ்சிப் பிரச்சினை. கூட்டம் கடல்முனையை எட்டிய அன்று காவல்துறை துப்பாக்கிச்சூடு நடத்தியது, பலர் காயமடைந்தார்கள். கடலுக்காக மக்கள் குண்டடிபட்ட அந்த மாவட்டத்தில், இயற்கையைப் பற்றி வாரத்துக்கு ஒரு மணி நேரம் பாடம் நடத்தச் சொன்ன தீர்ப்புக்கு அப்போது வயது ஒன்றைத் தாண்டியிருந்தது.

இந்த இடைவெளியில், இமயமலைப் பகுதியின் அல்மோராவில் அமைதியாக ஒரு வேலை நடந்துகொண்டிருந்தது. 1986-இன் தேசியக் கல்விக் கொள்கை சூழல் கல்விக்கு இடம் கொடுத்ததை அடுத்து, 1987-இல் உத்தராகண்ட் சேவா நிதி என்ற அமைப்பிடம் மலை மாவட்டங்களுக்கான பொறுப்பை மத்தியக் கல்வித்துறை ஒப்படைத்தது. அதை முன்னின்று நடத்தியவர் பொறியியல் படித்த லலித் பாண்டே. மரங்களைக் கட்டிப்பிடித்துக் காத்த சிப்கோ பெண்களின் மலை அது. நகரத்துப் பிள்ளைக்கு எழுதிய புகை, இரைச்சல், ஆலைக்கழிவுப் பாடங்களை வைத்துக்கொண்டு அங்கே என்ன செய்வது? மலைக் கிராமத்தின் துயரம் விறகு, தீவனம், ஊற்றுநீர், சரிந்து போகும் மண். எனவே அவர்கள் ஆறு, ஏழு, எட்டாம் வகுப்புகளுக்குப் பயிற்சிப் புத்தகங்களை எழுதினார்கள். ஒரு வீட்டுக்கு ஒரு நாளைக்கு எவ்வளவு விறகு செல்லும், மாட்டுக்கு எவ்வளவு புல் வேண்டும், அதை ஊர் நிலம் தாங்குமா என்று பிள்ளைகளே எடைபோட்டுக் கணக்கெழுதினார்கள். லலித் பாண்டேவுக்கு 2007-இல் பத்மஸ்ரீ கிடைத்தது. ஊருக்கேற்ற பாடம் எப்படி இருக்கும் என்பதற்கு நாட்டிலேயே நல்ல மாதிரி அதுதான் என்பது என் எண்ணம். ஆனால் அது ஒரு மலைநாட்டின் கதை. சமவெளியில் மேத்தா மறுபடியும் நீதிமன்றப் படியேறிக்கொண்டிருந்தார்.

1991-இல் அவர் போட்ட மனுவில் ஆலையும் இல்லை, நகராட்சியும் இல்லை. சூழலைப் பற்றி மக்களுக்கு யாரும் சொல்லித்தரவில்லை என்பதே புகார். தலைமை நீதிபதி ரங்கநாத் மிஸ்ராவின் அமர்வு அதைக் கேட்டது. மிஸ்ராவுக்கோ பணிக்காலம் முடியப்போகிறது. நவம்பர் 24 ஓய்வு நாள். தள்ளிவைத்திருந்தால் வழக்கு வேறு நீதிபதிகளிடம் போயிருக்கும், என்னவாகியிருக்கும் என்று சொல்ல முடியாது. ஓய்வுக்கு இரண்டே நாள் முன்பு, நவம்பர் 22 அன்று, தீர்ப்பு வந்தது. திரையரங்குகளிலும் டூரிங் டாக்கீஸிலும் ஒவ்வொரு காட்சிக்கும் சூழல் பற்றிய இரண்டு ஸ்லைடுகளாவது இலவசமாகக் காட்ட வேண்டும். இல்லையென்றால் உரிமத்துக்கே ஆபத்து. வானொலியும் தூர்தர்ஷனும் நாள்தோறும் சில நிமிடங்கள் ஒதுக்க வேண்டும். பள்ளியிலும் கல்லூரியிலும் படிப்படியாகச் சூழலைக் கட்டாயப் பாடமாக்க வேண்டும், அதுவும் அடுத்த கல்வியாண்டிலேயே. படம் தொடங்குமுன் அழுக்குப் படிந்த திரையில் வந்துபோன அந்த ஸ்லைடுகள் ஒரு தலைமை நீதிபதியின் கடைசிக் கையெழுத்துகளில் ஒன்றிலிருந்து வந்தவை. அடுத்த கல்வியாண்டும் வந்தது. கட்டாயப் பாடம் வரவில்லை.

பன்னிரண்டு ஆண்டுகள் இழுத்தது. சில மாநிலங்கள் அறிவியல் புத்தகத்தின் கடைசி அத்தியாயத்தில் ஓசோன் படலத்தைச் சேர்த்துக் கணக்கை முடித்தன. 2001-02-இல் மத்திய அரசு தேசிய பசுமைப் படையைத் தொடங்கிப் பள்ளிதோறும் சூழல் மன்றங்கள் அமைத்தது. மரக்கன்றும் பேரணியும் அதனால் பெருகின. 2002-இலோ எதிர்த்திசையில் ஓர் அடி விழுந்தது. முப்பது ஆண்டுகள் ஓடி, ஆயிரம் பள்ளிகளை நெருங்கியிருந்த ஹோஷங்காபாத் திட்டத்தை மத்தியப் பிரதேச அரசு மூடியது. வயலுக்குப் போன பிள்ளைகள் மறுபடியும் பெஞ்சுக்குத் திரும்பினார்கள். அதைவிடப் பெரிய இழப்பு கிராமத்துக் கல்விக்கு நேர்ந்ததில்லை என்றே சொல்வேன். உத்தரவு போட்டது என்னவாயிற்று என்று மேத்தா மறுபடியும் நீதிமன்றத்தைக் கேட்டார்.

இம்முறை நீதிமன்றம் கெடு வைத்தது. 2003 டிசம்பர் 18 அன்று, பன்னிரண்டாம் வகுப்பு வரைக்கும் மாதிரிப் பாடத்திட்டத்தைத் தயாரித்துக் கொடுக்கும்படி தேசியக் கல்வி ஆராய்ச்சி மற்றும் பயிற்சிக் குழுவுக்கு ஆணையிட்டது. பாடத்திட்டம் வந்தது. 2004 ஜூலையில் நீதிமன்றம் அதை ஏற்று, 2004-05 கல்வியாண்டிலேயே எல்லா மாநிலங்களும் நடத்த வேண்டும் என்றது. ஸ்டாக்ஹோமில் எழுதிய வரிக்கு 32 வயதாகியிருந்தது. அந்தக் கல்வியாண்டின் பாதியில், எந்தப் பாடத்திட்டமும் எதிர்பார்க்காத ஒன்று கடலிலிருந்து வந்தது.

2004 டிசம்பர் 26. ஞாயிற்றுக்கிழமை, கிறிஸ்துமஸுக்கு மறுநாள். குளச்சல், கொட்டில்பாடு, மணக்குடி ஊர்களுக்குள் கடல் புகுந்தது. பழையாறு கடலில் சேரும் இடத்திலிருந்த மணக்குடிப் பாலத்தையே அலை பெயர்த்துக்கொண்டு போனது. கன்னியாகுமரி மாவட்டத்தில் மட்டும் சுமார் 800 உயிர்கள் போயின. அவர்களில் பிள்ளைகள் பலர். அதே காலையில் தாய்லாந்தின் புக்கெட் தீவில், விடுமுறைக்கு வந்திருந்த டில்லி ஸ்மித் என்ற பத்து வயது ஆங்கிலேயச் சிறுமி கடல் நுரைத்து விசித்திரமாகப் பொங்குவதைக் கண்டாள். இரண்டு வாரம் முன்பு புவியியல் வகுப்பில் ஆசிரியர் சுனாமி பற்றி நடத்திய பாடம் நினைவுக்கு வந்தது. பெற்றோரிடம் கத்திச் சொன்னாள். கடற்கரையிலிருந்த ஏறத்தாழ நூறு பேர் மேட்டுக்கு ஓடிப் பிழைத்தார்கள். ஒரு வகுப்பு, ஒரு ஆசிரியர், நூறு உயிர். கட்டுமரத்தோடும் வள்ளத்தோடும் பிறந்து வளர்ந்த குளச்சல் பிள்ளைக்குக் கடலைப் பற்றித் தெரிந்ததில் பத்தில் ஒன்று அந்தச் சிறுமிக்குத் தெரிந்திருக்காது. பூமி அதிர்ந்தால் கடல் எழும் என்ற அந்த ஒரு செய்தி மட்டும் நம் கரைப் பிள்ளைகளுக்கு யாராலும் சொல்லப்படவில்லை. சூழல் பாடம் எதற்கு, மரம் நடச் சொல்வதற்கா என்று கேட்டவர்களுக்கு அதற்குப் பிறகு பேச்சு எழவில்லை.

தமிழ்நாட்டுப் பாடநூல்கள் அடுத்தடுத்து மாறின. சமச்சீர்க் கல்வி வந்தது. பிறகு புதிய பாடத்திட்டம் வந்தது. இன்று ஒன்றாம் வகுப்புப் பிள்ளையின் பையில் தமிழ், ஆங்கிலம், கணக்கோடு ஒரு வண்ணப்புத்தகம் இருக்கிறது. பறவையும் செடியும் குடும்பமும் சாப்பாடும் படம் படமாக உள்ள, விலையில்லாமல் கொடுக்கப்படும் அந்தப் புத்தகத்தின் அட்டையில் 'சூழ்நிலையியல்' என்று அச்சிட்டிருக்கிறது. எரிந்த கங்கையும், நெருக்கடி நிலையில் எழுதிய கடமையும், சாக்கடைத் தீர்ப்பும், ஓய்வுபெறப்போன நீதிபதியின் அவசரமும் சேர்ந்துதான் அந்தப் பாடத்துக்குச் சட்டத்தின் பலத்தைக் கொடுத்தன. பிள்ளை அதன் ஓரத்தில் மயில் வரைந்துகொண்டிருக்கிறது.

ஆனால் மாநிலம் முழுவதற்கும் அது ஒரே புத்தகம். ஊட்டிக்கும் இராமநாதபுரத்துக்கும் குலசேகரத்துக்கும் அதே பக்கங்கள். குமரி மாவட்டத்து நாஞ்சில் நாட்டுப் பிள்ளையின் வீட்டு வாசலில் கிடப்பதோ வேறெங்கும் கிடைக்காத பாடம். தென்மேற்குப் பருவமழையும் வடகிழக்குப் பருவமழையும் இரண்டுமே நனைக்கும் மண் இது. அதனால்தான் கன்னிப்பூ, கும்பப்பூ என்று இரண்டு நெல் போகம். பேச்சிப்பாறை அணைத் தண்ணீர் சானல் வழியாக வந்து குளத்தில் விழுந்து, மடை வழியாக வயலுக்குப் போகிறது. மிஞ்சினால் மறுகால் பாய்ந்து அடுத்த குளத்தை நிறைக்கிறது. மலையிலிருந்து கடலுக்கு ஒரு சில மணி நேரப் பயணம். இத்தனை சிறிய பரப்பில் காடு, அணை, குளம், வயல், கழிமுகம், அலையாத்தி, கடல் என்று எல்லாவற்றையும் ஒரே நாளில் ஒரு வகுப்பு பார்த்துத் திரும்பலாம்.

2022-இல் அந்த வாசல் பாடத்துக்கு உலகமே சான்றிதழ் கொடுத்தது. விடுதலையின் 75-ஆம் ஆண்டுக்கு உலக ஈரநில ஒப்பந்தமான ராம்சரின் பட்டியலில் 75 ஈரநிலங்கள் என்ற கணக்கில் இந்தியா அடுத்தடுத்து இடங்களை அறிவித்தபோது, குமரி மாவட்டத்திலிருந்து இரண்டு சேர்ந்தன: ஏறத்தாழ 20 ஹெக்டேர் பரப்புள்ள வேம்பனூர், 94 ஹெக்டேரை ஒட்டிய சுசீந்திரம் தேரூர். இவை எதுவும் கன்னிக்காடு இல்லை; மனிதர்கள் வெட்டிப் பராமரித்த பாசனக் குளங்கள். மத்திய ஆசியாவிலிருந்து தெற்கே வரும் பறவைகள் தங்கிப்போகும் கடைசி இந்தியத் தண்ணீரில் இவையும் அடக்கம். அந்தத் தேரூரில் பிறந்தவர்தான் கவிமணி தேசிக விநாயகம் பிள்ளை. பள்ளி ஆசிரியராக வாழ்நாளைக் கழித்து, பிள்ளைகளுக்கென்றே எளிய தமிழில் பாட்டுக் கட்டியவர். கிளியும் காக்கையும் பசுவும் கன்றும் பாடமாகலாம் என்று நீதிமன்றம் சொல்லுமுன்பே அவருக்குத் தெரிந்திருந்தது.

அல்மோராப் பிள்ளைகள் விறகை நிறுத்த மாதிரி, தேரூர்ப் பிள்ளைகளுக்கும் கேள்விகள் காத்திருக்கின்றன. இந்த ஆண்டு மறுகால் எந்தத் தேதியில் பாய்ந்தது? போன ஆண்டு? கும்பப்பூ நடவுக்கும் அறுப்புக்கும் இடையில் குளத்து மட்டம் எத்தனை படி இறங்கியது? தாமரை மூடிய பக்கத்தில் இலைக்கோழி அதிகமா, வெளித் தண்ணீரில் நீர்க்காகம் அதிகமா? சாலையோரம் கொட்டிய குப்பை மழைக்குப் பிறகு எங்கே போகிறது? ஒரு நோட்டும் பென்சிலும் போதும். 1988-இன் தீர்ப்பு கேட்ட வாரத்துக்கு ஒரு மணி நேரத்தில் பள்ளியிலிருந்து குளத்தங்கரைக்குப் போய், எண்ணி, எழுதி, மணியடிக்குமுன் திரும்பிவிடலாம்.